11-ஆவது கிலோமீட்டரில் விழுந்த போன்

கோவிலூர் தேநீர்க் கடையில் 12 ரூபாய் கொடுக்க முடியாமல் நின்றபோதுதான் போன் தொலைந்தது எனக்குத் தெரிந்தது. பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. பதினைந்து கிலோமீட்டர் ஓடி முடித்திருந்தேன். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, கல்லாவில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையைப் பார்த்துக்கொண்டே இடுப்புப் பட்டையில் கை வைத்தேன். ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே வியர்வையில் நனைந்த ஒரு பேரீச்சம்பழம் மட்டும் இருந்தது.

நான் சென்னை மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்குக் காரைக்குடியில் வீட்டிலிருந்தபடி வேலை செய்கிறவன். உறவில் யாருடைய போன் மக்கர் செய்தாலும் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். 'கடவுச்சொல்லை இப்படி வை, அந்த லிங்கைத் தொடாதே' என்று அறிவுரை சொல்லியே பழகிய வாய் இது. அப்படிப்பட்டவன் அன்று எட்டு மணி நேரத்துக்குள் எத்தனை பிழை செய்ய முடியுமோ அத்தனையையும் செய்தேன். மனைவியும் மகளும் ஒரு கல்யாணத்துக்காகப் புதுக்கோட்டை போயிருந்தார்கள். 'நில், யோசி' என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. அன்று யாராவது சொல்லியிருக்க வேண்டியவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஞாயிறு என்றால் எனக்கு நெடுந்தூர ஓட்டம். வெயில் ஏறும் முன் திரும்ப வேண்டும் என்பதால் ஐந்தே கால் மணிக்குக் கிளம்பி, கோவிலூரைத் தாண்டி, குன்றக்குடிக்குச் சற்று முன்னால்வரை போய்த் திரும்பினால் 18 கிலோமீட்டர் ஆகும். தைப்பூசத்துக்குப் பழனி நோக்கிக் காவடி நடக்கிற பாதை. கால் சலித்தால் அவர்கள் நடையை நினைத்துக்கொள்வேன், சலிப்பு வெட்கப்பட்டுப் போய்விடும். அன்று திரும்பும் இடத்தில் குன்றக்குடி மலை மேல் முதல் வெயில் பட்டு, பாறை மஞ்சள் பூசிய மாதிரி இருந்தது. மனைவிக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். ஈர விரல்களால் ஜிப்பை இழுத்தேன். மூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோராவது கிலோமீட்டருக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவே கைக்கடிகாரம் ஒரு முறை அதிர்ந்தது. கிலோமீட்டர் முடிந்தால் அதிரும், இதயத் துடிப்பு ஏறினால் அதிரும், அலுவலகத்தில் யாராவது இருமினாலும் அதிரும். எதற்கும் நான் குனிந்து பார்ப்பதை நிறுத்தி மாதங்களாயிருந்தன. அன்று அது சொல்ல வந்தது, போனுடனான இணைப்பு அறுந்துவிட்டது என்பதை. பார்த்திருந்தால் கொஞ்ச தூரம் பின்னால் நடந்து போனை எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். இப்போது என் கடிகாரத்தில் அந்த ஒரே ஓர் எச்சரிக்கையைத் தவிர எல்லா அறிவிப்புகளையும் அணைத்து வைத்திருக்கிறேன். அதிர்ந்தால் நின்றுவிடுகிறேன். ஓடும்போது போன் எடுத்துச் செல்பவர்கள் இதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கடைக்காரர் தன் போனைக் கொடுத்தார். என் எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்தது. அந்த மணிச்சத்தம்தான் என்னைக் கெடுத்தது. 'கிடக்கிறது, எங்கோ புல்லில் கிடக்கிறது' என்று நெஞ்சு துள்ளியது. இரண்டாவது முறை, நாலு தடவை மணி அடித்த பிறகு யாரோ துண்டித்தார்கள். மூன்றாவது முறை அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. துண்டிக்க ஒரு விரல் வேண்டும் என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை. மனைவியின் எண்ணை அழைக்கலாம் என்றால், அது எனக்கு மனப்பாடமில்லை. கல்யாணமாகிப் பதினொரு வருடம். எந்த எண்ணும் நினைவில் இல்லை, ஒன்றைத் தவிர: தேவகோட்டைப் பக்கம் கிராமத்தில் இருக்கும் அப்பாவின் எண். கல்லூரி விடுதியில் ஒரு ரூபாய் நாணயம் போட்டுப் பேசிப் பேசி விரலில் ஏறிப்போன எண் அது.

அப்பா பதறவில்லை. தன் நோட்டைப் புரட்டி மருமகள் எண்ணை நிறுத்தி நிதானமாக இரண்டு முறை சொன்னார். பிறகு, "சிம் என் பெயரில்தானே இருக்கிறது, நான் கிளம்பி வரட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம்ப்பா, தேடிப் பார்க்கிறேன், கிடைத்துவிடும்" என்றேன். கடைக்காரர் காசு கேட்கவில்லை. "அடுத்த வாரம் கொடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த கிளாஸை ஆற்றப் போய்விட்டார்.

இங்கேதான் பெரிய பிழை. கடைக்காரரின் அதே போனிலிருந்து என் சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, எண்ணையும் பெயரையும் சொல்லி, சிம்மை அப்போதே முடக்கியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. முடக்கிய சிம்மைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம், எண் உடனே எங்கும் போய்விடாது. ஆனால் முடக்கிவிட்டால் மணி அடிக்காதே, எடுத்த நல்லவர் பேச முடியாதே என்று கணக்குப் போட்டேன். போன் அணைந்துவிட்ட பிறகும் மணியை நம்பினேன். போன் தொலைந்தால் முதல் வேலை தேடுவதல்ல, சிம்மை முடக்குவதுதான். தேடுவதை அதற்குப் பிறகு சாவகாசமாகச் செய்யலாம்.

நான் வந்த வழியே திரும்பி ஓடினேன். பன்னிரண்டாவது கிலோமீட்டர் இருந்த இடம் கடிகாரத்தின் தடத்தில் தெரிந்தது. சாலையோரச் செம்மண்ணில் என் காலணித் தடமே எனக்குக் கிடைத்தது, போன் கிடைக்கவில்லை. தைலமரத் தோப்பு ஓரமாக ஆடு ஓட்டிவந்த பெரியவரிடம் கேட்டேன். பாவமாகப் பார்த்துவிட்டு, அவரும் கொஞ்ச நேரம் கம்பால் புல்லை விலக்கி விலக்கித் தேடினார். திரும்ப வீட்டுக்கு வந்தபோது கடிகாரம் உற்சாகமாக அதிர்ந்தது. என் வாழ்நாளின் மிக நீண்ட ஓட்டமாம், 26 கிலோமீட்டர், பாராட்டுகளாம். ஆறு மாதமாக 21.1 கிலோமீட்டர் என்கிற அரை மாரத்தான் தூரத்தை ஒருமுறை தொட்டுவிட வேண்டும் என்று பயிற்சி செய்துகொண்டிருந்தேன். அது அன்று, அழுகையை அடக்கிக்கொண்டு, அரை வயிற்றோடு நிறைவேறியது.

வீட்டில் மடிக்கணினியில் என் கூகுள் கணக்கு திறந்தே இருந்தது. கருவியைக் கண்டுபிடிக்கும் பக்கத்தில் பார்த்தால், கடைசியாகக் காணப்பட்டது 7.08 மணிக்கு, குன்றக்குடி சாலையில். போனைப் பூட்டவும், பூட்டுத் திரையில் வேறோர் எண்ணையும் ஒரு செய்தியையும் காட்டவும் அதிலேயே வழி இருந்தது. போன் எப்போது இணையத்துக்கு வருகிறதோ அப்போது அந்தக் கட்டளை வேலை செய்யும். அப்போதாவது அதைச் செய்தேனா? இல்லை. வரைபடத்தில் ஒரு புள்ளியைக் கண்டதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மறுபடி அங்கே பறந்தேன். பதினோரு மணி தாண்டும்வரை அதே நூறு அடி நிலத்தைக் கூட்டிப் பெருக்காத குறையாகப் பார்த்தேன்.

நான் அங்கே புல்லைக் கிளறிக்கொண்டிருந்த நேரத்தில், போனை எடுத்தவர் அதைத் திறக்கவே முயலவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டார். அதில் வாட்ஸ்அப்பை நிறுவி என் எண்ணைக் கொடுத்தார், ஆறு இலக்க எண் குறுஞ்செய்தியாக வந்தது, உள்ளே போய்விட்டார். என் பழைய உரையாடல்கள் எதுவும் அவருக்குக் கிடைத்திருக்காது. ஆனால் நான் இருக்கும் குழுக்கள் திரும்ப வந்துவிடும், குழுவில் இருப்பவர்களின் எண்களும் தெரியும். எங்கள் உறவுக் குழுவில் 63 பேர். 10.40-லிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, "அவசரம், 5,000 அனுப்ப முடியுமா, மாலையில் தருகிறேன்" என்று என் பெயரில் செய்தி போயிருக்கிறது. பலர் சந்தேகப்பட்டார்கள். மதுரைச் சித்தப்பா ஒருவர் மட்டும் சந்தேகப்படவில்லை. நான் கேட்டு இல்லையென்று சொல்லக் கூடாது என்று அனுப்பிவிட்டார். 11.05 மணிக்கு. அந்த நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை, ஏனென்றால் அப்போது நான் ஒரு முள்புதருக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன்.

இதைத் தடுக்க இரண்டே இரண்டு காரியம் போதும். இரண்டையும் நான் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், என் போனில் செய்ததில்லை. ஒன்று, வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பு. நீங்களாக வைக்கும் ஆறு இலக்க ரகசிய எண் அது. சிம் கையில் இருந்தாலும் அது தெரியாமல் உடனே உள்ளே நுழைய முடியாது. மற்றொன்று, சிம்முக்கே ஒரு பின் எண். போன் அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். அதை இயக்கிவிட்டால் சிம்மை எந்த போனில் போட்டாலும் அந்த எண்ணைக் கேட்கும். இதில் ஒரு கவனம் வேண்டும்: சிம்மோடு முன்கூட்டியே ஒரு பின் எண் வந்திருக்கும், அதை நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு மாற்றுங்கள். குத்துமதிப்பாக அடித்துப் பார்க்காதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும். அப்புறம் நிறுவனத்திடமிருந்து எட்டு இலக்க பியூகே எண் வாங்கித்தான் திறக்க வேண்டும். இன்னொன்று, பூட்டுத் திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மறைத்து வையுங்கள். போன் பூட்டியிருந்தாலும் ஓடிபி மேலே பளிச்சென்று தெரிந்தால் பூட்டுக்கு என்ன மரியாதை?

வீடு திரும்பினால், வாசல் முகப்புத் திண்ணையில் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லியும் பஸ் ஏறிவிட்டார். மடியில் மஞ்சள் பை. அதில் அசல் ஆதார், அதன் இரண்டு நகல்கள், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, நோட்டு, ஒரு சீப்பு பூவன் வாழைப்பழம். என் ஆதார் எங்கே என்றார். போனில் இருக்கிறது என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை, ஒரு பழத்தை உரித்து நீட்டினார்.

நாங்கள் குடியிருப்பது பழைய நகரத்தார் வீடு ஒன்றின் பின்கட்டில். வீட்டுக்கார ஆச்சி பக்கத்திலேயே இருக்கிறார். அவரது பட்டன் போனில்தான் சிம்மை முடக்கினோம், மணி 12.30. எங்கள் பகுதிக்கு மூன்று சாவிகள்: என்னிடம் ஒன்று, மனைவியிடம் ஒன்று, அவசரத்துக்கு ஆச்சியிடம் ஒன்று. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு ஆச்சி, "பெட்டகச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு யாராவது கண்மாயில் முங்கிக் குளிக்கப் போவார்களா?" என்றார். தொழில்நுட்பப் பாதுகாப்பு பற்றி எனக்கு நடந்த பயிற்சி வகுப்புகளில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. வாசல் கதவுக்கு மூன்று சாவி வைத்திருந்த நான் வங்கி, அலுவலகம், மகளின் படங்கள், ஆதார் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி வைத்திருந்தேன். அதையும் பாதி மூடிய ஜிப்புக்குள்.

மாற்று சிம் வாங்க, யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் வர வேண்டும். அப்பா வந்திருக்காவிட்டால் ஞாயிறு அப்படியே போயிருக்கும். அவர் கைரேகை வைத்து, மாலை நாலு மணிக்கு சிம் உயிர் பெற்றது. தற்காலிகத்துக்கு 9,500 ரூபாயில் ஒரு போன் வாங்கினேன். வாட்ஸ்அப்பை மீட்கப் போனால் குறுஞ்செய்தி வரவே இல்லை. சிம் கோளாறு என்று நினைத்துக் கடைக்கு மறுபடி ஓடினேன். கோளாறில்லை. சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது, போகாது. போலி சிம் வாங்கி ஓடிபியைத் திருடுகிறவர்களைத் தடுக்க வைத்திருக்கும் ஏற்பாடு. நல்ல விதிதான், ஆனால் முன்பே தெரியாதவனுக்கு அந்த 24 மணி நேரம் நரகம். அந்த நேரத்தில் வங்கிச் செயலி திறக்காது. கையில் ரொக்கம் இல்லாவிட்டால் அப்பாவின் சட்டைப்பைதான் கதி. வாட்ஸ்அப்பில் குறுஞ்செய்திக்குப் பதில் அழைப்பு வழியாக எண்ணைப் பெறும் வசதி உண்டு. அப்படித்தான் எண்ணைப் பெற்றுக் கொடுத்தேன். கொடுத்ததும் திருடர் வெளியே தள்ளப்பட்டார். ஆனால் அவர் என்னைவிட விவரமானவர்: நான் வைக்காத இருபடி ரகசிய எண்ணை அவர் வைத்துவிட்டுப் போயிருந்தார். அது தெரியாததால் ஏழு நாள் காத்திருந்த பிறகே என் கணக்கு எனக்குத் திரும்பியது.

பணம் போனவர் உடனே, இணையப் பண மோசடிக்கான அரசு உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். சித்தப்பா கூச்சப்பட்டுக்கொண்டு மறுநாள்தான் அழைத்தார். பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கேட்டார்கள், புகார் பதிவானது, பணம் அதற்குள் கைமாறிவிட்டிருந்தது. வங்கிக்கு என் அழைப்பும் தாமதமாகத்தான் போனது. நல்லவேளை, யுபிஐ ரகசிய எண்ணும் ஏடிஎம் அட்டை விவரமும் திருடருக்குக் கிடைக்காததால் என் கணக்கில் கை வைக்க முடியவில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுக்க, கருவியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் வேண்டும். 15 இலக்கம். போனில் *#06# அடித்தால் வரும், ஆனால் போன் இருந்தால்தானே? வாங்கிய ரசீதைத் தேடி எடுத்தேன். இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ இருக்கும், இரண்டையும் எழுதி வையுங்கள். புகார் நகலையும் அடையாளச் சான்றையும் வைத்துக்கொண்டு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிவு செய்தால் அந்தக் கருவி நாட்டில் எந்த நிறுவனத்தின் சிம் போட்டாலும் வேலை செய்யாதபடி முடக்குவார்கள். 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் இருக்கும் வசதி. அதற்கும் ஓடிபிதான், அது மனைவியின் எண்ணுக்கு வந்தது.

திங்கட்கிழமை அலுவலகம். உள்ளே நுழைய 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைக் காட்டும் செயலி வேண்டும். அது தொலைந்த போனில். கூகுள் கணக்குக்கு, இப்படி மாட்டிக்கொண்டால் பயன்படுத்த எட்டு இலக்கத்தில் பத்து காப்பு எண்களைத் தருவார்கள். நான் பொறுப்பாக எடுத்து வைத்திருந்தேன், ஸ்கிரீன்ஷாட்டாக, அதே போனில். இரண்டு நாள் விடுப்பு. இப்போது அந்தப் பத்து எண்களும் காகிதத்தில் அச்சாகி, ஒன்று வீட்டு அலமாரியிலும் ஒன்று அப்பாவின் நோட்டுக்குள்ளும் இருக்கின்றன. நோட்டுதான் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. அந்த நோட்டு ஒரு மழைக்கு நனைந்தால் கதை முடிந்தது, அதனால் அப்பாவின் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் பணமாகக் கணக்குப் போட்டுவிடலாம். 32,000 ரூபாய் போன், இன்னும் ஐந்து தவணை பாக்கி இருக்கிறது, இல்லாத பொருளுக்கு மாதா மாதம் கட்டுகிறேன். 9,500-க்கு மாற்றுப் போன். சித்தப்பாவுக்கு மறுவாரமே திருப்பிக் கொடுத்த 5,000. போகட்டும். கணக்கில் வராதது படங்கள். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றப்படும் படங்களை 15 ஜிபி இலவச இடத்தின் கணக்கில்தான் சேர்க்கிறது. என் இடம் நிறைந்து, 'காப்பு எடுப்பது நின்றுவிட்டது' என்ற அறிவிப்பு 14 மாதமாக வந்துகொண்டிருந்தது. மாதக் கட்டணம் கட்டச் சோம்பல், பழைய காணொளிகளை அழிக்க மனமில்லை, அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி வந்தேன். அடுத்த ஞாயிறு என்றால் ஓட்டம்.

மகளுக்கு ஏழு வயது. முதல் பல் விழுந்தபோது, அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு "ப்பா" சொல்ல முயன்று காற்று மட்டும் வந்து, அவளே சிரித்துவிட்ட காணொளி ஒன்று இருந்தது. நாற்பது நொடி இருக்கும். அது போய்விட்டது. அதைச் சொன்னபோது அவள், "திரும்பச் செய்து காட்டவா?" என்று கேட்டாள். புதுப்பல் பாதி முளைத்திருந்தது, அந்தக் காற்று வரவில்லை.

உறவுக் குழுவில் மாமா ஒருவர் உண்டு. காலை வணக்கப் படம் முதல் கஷாயக் குறிப்புவரை வருகிற எல்லாவற்றையும் சேமித்து, எல்லோருக்கும் அனுப்புகிறவர். அவரை நானும் மனைவியும் கேலி பேசாத நாளில்லை. 14 மாதத்தில் நான் குழுவில் போட்ட படங்கள் ஒன்று விடாமல் அவரிடம் இருந்தன. 71 படம், 4 காணொளி, அமுக்கிச் சுருக்கப்பட்டு முகம் கொஞ்சம் மங்கலாக. ஒரே இரவில் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார், நடு நடுவே மூன்று காலை வணக்கங்களும் வந்தன. இப்போது மாதக் கட்டணம் கட்டுகிறேன். அதோடு ஒவ்வொரு மாத முதல் ஞாயிறும் படங்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுகிறேன். ஏற்றியதில் நாலைத் திறந்தும் பார்க்கிறேன். திறக்காத காப்பை நம்ப முடிவதில்லை.

ஓட்டத்தை நிறுத்தவில்லை. ஆனால் ஒரு நினைப்பு இன்னும் விடவில்லை. அன்று நான் போனைத் தொலைக்காமல், மயங்கி விழுந்திருந்தால்? பையில் பேரீச்சம்பழம், பெயர் எழுதிய துண்டுக் காகிதம்கூட இல்லை. வெறும் கறுப்பு டீ ஷர்ட் போட்ட ஓர் ஆள். இப்போது காலணியின் உள்தட்டுக்கு அடியில் பெயர், இரத்த வகை, இரண்டு எண்கள் எழுதி நெகிழிக்குள் ஒட்டிய ஓர் அட்டையும், நாலாக மடித்த நூறு ரூபாயும் இருக்கின்றன. ஓடும்போது பழைய பட்டன் போன், வேறு சிம். நல்ல போன் வீட்டில் தூங்குகிறது. மலை எப்படி இருந்தது என்பதை மனைவியிடம் வாயால் சொல்கிறேன். மனைவியின் எண் இப்போது மனப்பாடம், மகளுக்கும்தான். பள்ளிக்குப் போகும் வழியில் வாய்ப்பாடு மாதிரி ராகமாகச் சொல்வாள், கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் மாற்றிச் சொல்வாள். திருத்தி வருகிறோம்.

தேநீர்க் கடைக்காரருக்கு 12 ரூபாயை அடுத்த ஞாயிறே கொடுத்துவிட்டேன். அப்பா ஞாயிறுதோறும் ஏழு மணிக்குப் பட்டன் போனில் அழைக்கிறார். "போன் இருக்கிறதா?" என்பதுதான் முதல் கேள்வி. இருப்பதால்தானே எடுத்தேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அது தெரியாதா எனக்கு? ஜிப்பை மூடினாயா என்று கேட்கிறேன்" என்றார்.